மின்சாரம் போகாத வீடு

அத்தியாயம் 4

காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி யோகாஸ்தா இரண்டாவது முறையாக உதட்டுச் சாயம் பூசிக்கொண்டபோது, அவள் உதவியாளன் ஸ்டார்லின் மென்றுகொண்டிருந்த கிபே என்ற கறி வடையை அப்படியே வாயில் நிறுத்தினான்.

“மேடம், ஒரு சந்தேகம். நாம துப்பறியப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?”

“வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசு.”

“முழுங்கிட்டேன். உங்களாலதான் ஏதோ ஒண்ணை முழுங்க முடியல போலிருக்கு.”

யோகாஸ்தா உதட்டுச் சாயத்தை மூடிப் பைக்குள் போட்டாள். போலீஸ் மோசடிப் பிரிவில் வேலை பார்த்து, அங்கிருந்து விலகிச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகு, யார் வீட்டுக் கதவையும் அவள் தயங்கித் தட்டியதில்லை. அல்மா ரோசா பகுதியில் இருந்த இந்தப் பச்சைக் கதவு மட்டும் வேறு. கதவுக்குப் பின்னால் இருப்பவன் ஃபௌஸ்தோ. பன்னிரண்டு வருடம் அவளுடைய கணவனாக இருந்தவன். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவள் மாசியெல். மூன்று வருடமாக அவனுடைய மனைவியாக இருப்பவள்.

போதாக்குறைக்கு முனைக்கடை ரேடியோ பாட ஆரம்பித்தது. ஃபௌஸ்தோ எழுதிய பச்சாட்டாக் காதல் பாட்டு. வரிக்கு வரி மாசியெல், மாசியெல் என்று உருகியது. ஊரே முணுமுணுத்த பாட்டு. தன் பெயரில் அவன் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது யோகாஸ்தாவுக்கு ஆறாத புண். வயிறு எரிந்தது. அதைப் பொறாமை இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை.

“ரேடியோவை நிறுத்தச் சொல்லவா?” என்றான் ஸ்டார்லின்.

“கதவைத் தட்டு.”

கதவைத் திறந்தது மாசியெல்தான். தலை முழுக்க ஈர முடியைச் சுற்றிய ரோலர்கள், மேலே பூப்போட்ட துணி. அப்படியும் அழகாக இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

“வாங்கம்மா.”

அம்மா! யோகாஸ்தாவுக்கு வயது நாற்பத்து நான்கு.

“அக்கான்னாவது கூப்பிட்டிருக்கலாம்,” என்று ஸ்டார்லின் அவள் காதருகில் முனகினான். “இந்தக் கேஸ்ல முதல் காயம் நமக்குத்தான்.”

உள்ளே ஃபௌஸ்தோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். இளைத்திருந்தான்.

“யோக்கா, என்னை உயிரோட புதைச்சுட்டாங்க. எவாரிஸ்தோ பெரியவர் பாடின கடைசிப் பாட்டுங்க எல்லாம் போச்சு.”

எவாரிஸ்தோ இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. தள்ளாத வயதில், மூச்சு வாங்க வாங்க, இந்த வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கடைசியாக ஒரு தொகுப்பு முழுதும் பாடிக் கொடுத்துவிட்டுப் போனவர். அந்தக் குரலை இனி யாரும் பதிவு செய்ய முடியாது. அவர் மகன் மாக்ஸிமோவுக்கு அது அப்பா. ஃபௌஸ்தோவுக்கு அது மானம், பிழைப்பு, எல்லாம்.

பின்னறையில் ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் வயரும் வைஃபையும் வழியாக அதில்தான் சேமிக்கும்.

“உள்ளே ரெண்டு டிஸ்க்,” என்றான் ஃபௌஸ்தோ. “ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும்னு நிம்மதியா இருந்தேன். இப்போ ரெண்டுலயும் பெரியவரோட ஃபோல்டர் இல்ல.”

ஸ்டார்லின் சிரித்தான். “சார், கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை எடுத்துட்டா, கண்ணாடிக்குள்ள இருக்கறவனுக்கு மட்டும் மீசை இருக்குமா? டிஸ்க் கெட்டுப் போனா இது காப்பாத்தும். மனுஷன் கெட்டுப் போனா காப்பாத்தாது.”

“எப்போ நடந்தது?” என்றாள் யோகாஸ்தா.

“நேத்து சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்தேன், ஃபோல்டர் இல்ல. மத்தியானம் பூரா நான் மாக்ஸிமோ வீட்ல. பெரியவருக்கு ஒன்பதாம் நாள் ஜெபம்.”

“யாரையாவது சந்தேகப்படறியா?”

“மாக்ஸிமோவைத்தான். அப்பா பாட்டை நான் வித்துச் சம்பாதிக்கறேன்னு போன வாரம் சட்டையைப் பிடிச்சான். ஜெபத்துக்கு நடுவுல ஒரு தடவை வெளியே போனான். இங்கே வர பத்து நிமிஷம் போதும். இன்னைக்குப் போய் நாலு பேர் முன்னாடி கேக்கப் போறேன்.”

“அப்போ கரண்ட் வேற இல்லையே,” என்று மாசியெல் குறுக்கிட்டாள். காப்பித் தட்டோடு வாசலில் நின்றாள். “நேத்து தெருவுக்கே மத்தியானம் போய், இருட்டினதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. ‘லைட் வந்துடுச்சு’ன்னு தெருவே கத்துச்சே. கரண்ட் இல்லாம யாரு எதை அழிக்க முடியும்? பெட்டி தானா கெட்டிருக்கும். நான் அப்போ சலூன்ல முடி நேராக்கிட்டு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது.”

ஸ்டார்லின் பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரில் சிவப்புப் பொட்டு வைத்த பிளக்கில் நின்றான். இந்த ஊரில் சிவப்புப் பொட்டு என்றால் இன்வெர்ட்டர் இணைப்பு.

“தெருவுக்குத்தான் கரண்ட் போச்சு மேடம். பெட்டிக்குப் போகல,” என்றான்.

யோகாஸ்தா காப்பியைக் கையில் எடுத்தாள். நீல விளிம்பு போட்ட கோப்பை. அவளுடைய கல்யாணத்துக்கு வந்த கோப்பை. பிரியும்போது ரோஷத்தில் அவனிடமே கொடுத்தனுப்பியவற்றில் ஒன்று. இவள் அதில் தினமும் காப்பி குடிக்கிறாள்! நெஞ்சுக்குள் மறுபடி அந்த எரிச்சல். இவள்தான் குற்றவாளி, இவளாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் அடித்துச் சொன்னது. மனம் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அவள் கண் மாசியெலின் தலையிலேயே நின்றது. பொறாமைக்காரிக்கு எதிராளியின் முடியைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அங்கேதான் துப்பு இருந்தது.

ஆனால் அதற்கு முன் ஃபௌஸ்தோவிடம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“பெரியவர் பாட்டுக்கு வேற காப்பி எங்கே வச்சிருக்கே?”

“வேற எதுவும் இல்ல யோக்கா.” அவன் இடது காதைச் சொறிந்தான்.

கிட்டார் பைக்குள் மூன்று இடத்தில் உபரித் தந்தி வைத்திருப்பவன். மழை இல்லாத மாதத்திலும் காரில் இரண்டு குடை வைத்திருப்பவன். அறுந்த தந்தியைக்கூடத் தூக்கிப் போட மனம் வராதவன். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு பெட்டியை நம்பினானாம். பொய் சொல்லும்போது மட்டும் அந்தக் காது அவனுக்கு அரிக்கும். பன்னிரண்டு வருடம் அந்தக் காதைப் பார்த்தவள் அவள்.

பின்னறையை விட்டு வெளியே வந்ததும் ஸ்டார்லினிடம் சொன்னாள். “இன்னொரு காப்பி இருக்கு. இந்த வீட்ல இல்ல. பொண்டாட்டி காதுல விழக் கூடாதுன்னு மறைக்கறான்.”

“அப்படின்னா வேற ஒருத்தி வீட்ல இருக்குங்கறீங்க?”

“இருக்கும். அவன் புத்தி எனக்குத் தெரியும்.”

“அடேங்கப்பா! மேடம், இப்போ நீங்க யாருக்காகப் பொறாமைப்படறீங்க? உங்களுக்காகவா, உள்ளே இருக்கற அந்தப் பொண்ணுக்காகவா?”

“ரெண்டு பேருக்காகவும்,” என்று சொல்லிவிட்டு யோகாஸ்தா நேராகச் சமையலறைக்குள் போனாள்.

மாசியெல் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த சலூன்?”

“என்னது?”

“நேத்து மத்தியானம் எந்த சலூன்ல இருந்தே?”

“நம்ம... முனையில இருக்கே, அதுதான்.”

“சனிக்கிழமை சலூன்ல நேராக்கின முடியை ஞாயித்துக்கிழமை காலையில நனைச்சு ரோலர்ல சுத்தற பொம்பளை இந்தத் தீவுலயே கிடையாது. ஒரு வாரத்துக்கு மழைத் தூறல் பட்டாலே அலறி ஓடுவோம். நீ நேத்து சலூன் பக்கமே போகல. வீட்ல இருந்தே.”

கத்தி மாசியெலின் கையிலிருந்து தொட்டியில் விழுந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது, ஆனால் முறைப்புப் போகவில்லை.

“ஆமா, நான்தான். போதுமா? உங்களுக்குச் சந்தோஷமா?”

யோகாஸ்தாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம்.

“ஆனா நான் அழிக்க நினைச்சது அதை இல்ல,” என்றாள் மாசியெல். “போன வாரம் அவர் கம்ப்யூட்டர்ல பாத்தேன். தினம் ராத்திரி நாங்க தூங்கினதுக்கு அப்புறம் இந்த வீட்ல இருக்கற பாட்டு, போட்டோ, எல்லாம் இங்கேர்ந்து கிளம்பி இன்னொரு வீட்டுக்குப் போகுது. எங்க கல்யாணப் போட்டோகூட! மனுஷன் இங்கே படுத்திருக்கார், அவரோட பாட்டெல்லாம் அங்கே போய்ப் படுக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க?”

“பாத்தியா ஸ்டார்லின், நான் சொன்னேன்ல!” யோகாஸ்தா மேசையைத் தட்டினாள். “யாரு அவ? எந்த வீடு?”

மாசியெல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நடிக்காதீங்க. உங்க வீடுதான்.”

ஸ்டார்லின் வாய் திறந்தபடி நின்றான். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கிண்டலும் தோன்றாமல் நின்றது அப்போதுதான்.

“கஸ்கே வீடுன்னு பேர் போட்டிருந்தது,” என்றாள் மாசியெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “கஸ்கேல உங்களைத் தவிர அவருக்கு யாரு இருக்கா? நேத்து அவர் ஜெபத்துக்குப் போனதும் உக்காந்தேன். உங்க வீட்ல இருக்கற காப்பியை அழிச்சுடணும்னு. திரையில ரெண்டு ஜன்னல் திறந்திருந்தது, ரெண்டும் ஒரே மாதிரி. எது எங்களோடது, எது உங்களோடதுன்னு கோபத்துல பாக்கல. பெரியவர் ஃபோல்டர்லேர்ந்து ஆரம்பிச்சேன். ‘நிச்சயமா?’ன்னு கேட்டுச்சு. என் வாழ்க்கையில நான் எதுலயும் அவ்வளவு நிச்சயமா இருந்ததில்ல. அழுத்தினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அழிஞ்சது எங்க வீட்டுது. பயந்துபோய் உங்க வீட்டுத் தொடர்பையும் வெட்டி விட்டுட்டேன்.”

“மாக்ஸிமோ மேல பழி விழறப்போகூட உண்மையைச் சொல்லாம இருந்தியே.”

மாசியெல் தலையைக் குனிந்துகொண்டாள்.

யோகாஸ்தா திரும்பினாள். வாசலில் ஃபௌஸ்தோ நின்றான். எல்லாம் கேட்டிருந்தான். கை காதுக்குப் போய், பாதியில் நின்றது.

“என் வீட்ல எங்கே?” என்றாள்.

“இன்வெர்ட்டர் அலமாரியில,” என்றான் அவன். “பிரியறப்போ சொன்னேனே, அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் பிடுங்காதே, இன்டர்நெட் போயிடும்னு.”

“அப்போ இவர் நம்மளைக் கூப்பிட்டது துப்பறியறதுக்கு இல்ல மேடம்,” என்றான் ஸ்டார்லின், பழைய வாய் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில். “உங்க வீட்ல பெட்டி உயிரோட இருக்கான்னு பாக்கறதுக்கு. நேராக் கேட்டா நீங்க பிடுங்கி அவர் தலையில போட்டுடுவீங்கன்னு பயம்.”

ஃபௌஸ்தோ ஆமென்று தலையாட்டினான்.

*

நால்வரும் காரில் ஓசமா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி யோகாஸ்தாவின் கஸ்கே வீட்டுக்குக் கிளம்பினார்கள். முன் இருக்கையில் யார் உட்காருவது என்று இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததில், கடைசியில் ஸ்டார்லின் ஓட்ட, பக்கத்தில் ஃபௌஸ்தோவை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

கஸ்கே வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்த அலமாரி. உள்ளே இன்வெர்ட்டர், வரிசையாக பேட்டரிகள். அதற்கு மேல் தட்டில் இன்டர்நெட் பெட்டி. பக்கத்தில், வெள்ளை நூலில் பின்னிய விரிப்புப் போட்டு, மேலே மாதா சிலை வைத்து, தூசி தட்டி, பளபளவென்று ஒரு கறுப்புப் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“மாதாவையே காவலுக்கு வச்சிருக்கீங்க,” என்றான் ஸ்டார்லின்.

“இன்வெர்ட்டரோட சேர்ந்ததுன்னு நினைச்சேன்,” என்றாள் யோகாஸ்தா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்வெர்ட்டர்க்காரன் மாட்டியதில் கை வைத்தால் ஒன்று போய் இன்னொன்று எரியும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் பயம். யாரும் எதையும் பிடுங்குவதில்லை. அந்தப் பயத்தை நம்பித்தான் அவன் பெட்டியை அங்கே விட்டுப் போயிருக்கிறான்.

ஸ்டார்லின் லேப்டாப்பை இணைத்தான். ஃபௌஸ்தோ ரகசியச் சொல்லைச் சொன்னான். திரையில் பெயர்கள் வந்தன. ஸ்டார்லின் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். முகம் தொங்கிவிட்டது.

“எவாரிஸ்தோ இங்கேயும் இல்ல. பாட்டுங்கதான் ராத்திரி வரும், அழிச்ச சேதி உடனே வரும்; தொடர்பை வெட்டறதுக்கு முன்னாடியே அது இங்கே வந்துடுச்சு. அங்கே போனதும் இதுவும் போயிருக்கு.”

மாசியெல் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் என்ன சொல்லுவேன் மாக்ஸிமோகிட்ட? அவங்க அப்பா குரலையே கொன்னுட்டேனே...”

ஃபௌஸ்தோ மட்டும் அழவில்லை. அதை யோகாஸ்தா கவனித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் போலக் காலையில் உட்கார்ந்திருந்தவன், கடைசி நம்பிக்கையும் போன நேரத்தில் அழாமல் நிற்கிறான்.

“சரி, விடுங்க,” என்றான் அவன். “நாளைக்கு நான் தனியா வந்து பொறுமையாப் பாக்கறேன்.” காதைச் சொறிந்தான்.

“நாளைக்கு ஏன்? தனியா ஏன்?”

“இல்ல, சும்மா...”

“அறுந்த தந்தியைக்கூடத் தூக்கிப் போடாதவன் நீ. அழிச்சதை உடனே தூக்கிப் போடற மாதிரி ஒரு பெட்டியை நீ வச்சிருக்க மாட்டே. ஸ்டார்லின், அழிச்சதையெல்லாம் ஒதுக்கி வைக்கற மூலை ஏதாவது இருக்கா பாரு.”

“நான் திறக்கறேன், கொடு!” ஃபௌஸ்தோ லேப்டாப்பைப் பிடுங்கப் பாய்ந்தான். ஸ்டார்லினின் பெரிய உடம்பு குறுக்கே இருந்தது. அவன் விரல் முந்திக்கொண்டது.

திறந்தது. அல்மா ரோசாவில் அழிக்கப்பட்ட எதுவும் இங்கே அழிந்திருக்கவில்லை. மூன்று வருடமாக எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. முதல் பெயரே எவாரிஸ்தோ.

ஸ்டார்லின் ஒன்றை அழுத்தினான். மாடிப்படிக்குக் கீழிருந்து கிழவரின் குரல் எழுந்தது. மூச்சு வாங்கியது, இருமியது, பிறகு பாடியது. மாசியெல் ஓவென்று அழுதபடி எழுந்து, யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த யோகாஸ்தாவைக் கட்டிக்கொண்டாள். ரோலர்கள் யோகாஸ்தாவின் கன்னத்தில் குத்தின.

அந்தத் தோளுக்கு மேலாகத்தான் அவள் இரண்டாவது பெயரைப் பார்த்தாள்.

யோக்கா.

ஸ்டார்லினும் பார்த்தான். சத்தம் போடாமல் அதைத் திறந்தான். வரிசையாகப் பாட்டுகள். ‘யோக்கா தூங்கும்போது.’ ‘யோக்கா கோபம்.’ ‘யோக்கா, போகாதே.’ பன்னிரண்டு வருடத்துப் பாட்டுகள். ஒன்றைக்கூட அவன் அவளுக்குப் பாடிக் காட்டியதில்லை. அழித்த தேதி பக்கத்திலேயே இருந்தது. அவன் மாசியெலைக் கல்யாணம் செய்துகொண்ட வாரம்.

யோகாஸ்தா நிமிர்ந்து ஃபௌஸ்தோவைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. வேண்டாம் யோக்கா என்று கண் கெஞ்சியது. எழுதியிருக்கிறான். எழுதி மறைத்திருக்கிறான். பிறகு அழித்திருக்கிறான். இந்த மூன்றில் எதற்காக இவனை அறைவது என்று அவளுக்குப் புரியவில்லை.

“ஏன் என் வீட்ல வச்சே?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் யோசித்தான். இந்த முறை கை காதுக்குப் போகவில்லை.

“உன் வீட்லதான் கரண்ட் போகாது. மாசம் தவறாம பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்.”

மூன்று வருடம் கழித்து அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதுவும் பேட்டரியைப் பற்றி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“தொடர்பை மறுபடி போட்டாச்சு,” என்றான் ஸ்டார்லின் மெல்ல. “மேடம், மூலையில இருக்கறது எல்லாத்தையும் அவங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பணுமா, இல்ல பெரியவரை மட்டுமா?”

எல்லாம் என்று ஒரு சொல் போதும். இன்று இரவே அந்தப் பாட்டுகள் அல்மா ரோசாவுக்குப் போய் இறங்கும். நாளைக் காலையில் மாசியெல் பார்ப்பாள். அவளுடைய ஒரு பாட்டுக்கு எதிரில் இத்தனை பாட்டு. நீலக் கோப்பையில் காப்பி குடிக்கிறவள் அதையும் சேர்த்துக் குடிக்கட்டும். யோகாஸ்தாவின் நாக்கு நுனியில் அந்தச் சொல் இனித்தது. ஃபௌஸ்தோ கண்ணை மூடிக்கொண்டான்.

“பெரியவரை மட்டும்,” என்றாள்.

“நிச்சயமான்னு கேக்குது.”

“நிச்சயம்.”

அந்த நொடியில் தெருவுக்கே கரண்ட் போனது. வீட்டுக்கு வீடு அலுத்துக்கொள்ளும் குரல்கள் எழுந்தன. எதிர்வீட்டு மின்விசிறி நின்றது. மாடிப்படிக்குக் கீழே பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது, கிழவர் பாடிக்கொண்டே இருந்தார்.

மாசியெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பெட்டி இங்கேயே இருக்கட்டுமா? எங்க வீட்ல மட்டும் வச்சா என்ன ஆகும்னு பாத்துட்டேன்.” கொஞ்சம் தயங்கினாள். “இருக்கட்டுமா அக்கா?”

“இருக்கட்டும். நீ போய் மாக்ஸிமோகிட்ட உண்மையைச் சொல்லு. அந்தக் கோப்பைங்களை நாளைக்கு அனுப்பி வை.”

இருவரும் டாக்ஸி பிடித்துப் போனார்கள். ஃபௌஸ்தோ வாசலில் திரும்பி நன்றி சொல்ல வாயெடுத்தான். யோகாஸ்தா கதவைச் சாத்தினாள்.

ஸ்டார்லின் லேப்டாப்பை மூடாமல் நின்றான்.

“பெரிய மனசு மேடம் உங்களுக்கு. நானா இருந்தா எல்லாத்தையும் அனுப்பிட்டு, வேடிக்கை பாக்க நாற்காலி போட்டிருப்பேன்.”

“மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் பாட்டு எதுக்கு அவ வீட்டுக்குப் போகணும்?”

“அது சரி. ஆனா ஒரு விஷயம். இன்னைக்கு பூரா நாம கத்துக்கிட்டது என்ன? ஒரே இடத்துல ஒரே காப்பி வச்சா ஆபத்து. அந்த யோக்கா ஃபோல்டர் உலகத்துல இங்கே மட்டும்தான் இருக்கு. ஒரு காப்பி எடுத்து என் வீட்ல வைக்கட்டுமா?”

யோகாஸ்தா அலமாரிக்குள்ளிருந்து பேட்டரித் தண்ணீர் கேனை எடுத்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, சிந்தாமல், அளவு பார்த்து ஊற்ற ஆரம்பித்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “அது வேற யார்கிட்டயும் இருக்கக் கூடாது.”